சாமான் பரப்பில் ஒரு ட்ரில்

அரிமளம்,
ஆவணி 3.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி ஆவுடையப்பன் அவர்களுக்கு,

அரிமளம் ஆதப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் மீனாக்ஷியும், வேலை பார்க்கிற ஊரில் எங்கள் மகள் கல்யாணப் பெண் விசாலியும் சௌக்கியம். ராயவரத்தில் தாங்களும் சம்பந்தியம்மாள் ஆச்சியும் மாப்பிள்ளை பிரசாந்தும் அப்படியே இருக்க வேண்டுகிறோம். போனில் பேசினால் முடிகிற விஷயத்துக்குக் கடிதம் எதற்கு என்று தாங்கள் நினைக்கலாம். தாங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். இதுவோ ஆச்சியின் காதுக்குத் தாங்கள் பக்குவமாகக் கொண்டுபோக வேண்டிய சமாச்சாரம்.

விஷயம் இதுதான். கல்யாணத்தன்று பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களை நம் வழக்கப்படி பரப்பி வைக்கும்போது, வெள்ளிக் குத்துவிளக்குக்கும் எவர்சில்வர் அண்டாவுக்கும் நடுவே, சுவரில் துளை போடுகிற கார்ட்லெஸ் ட்ரில் ஒன்று இருக்கும். ஏன் என்று எனக்கும் தெரியாது. "அப்பச்சி, பாத்திரத்தக் கொறச்சுக்கங்க. ஒயர் இல்லாத ட்ரில் ஒண்ணு மட்டும் கட்டாயம் வேணும்," என்றாள் விசாலி. காரணம் கேட்டால் சிரிக்கிறாள். மீனாக்ஷி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, கேட்டது என்னமோ நான் என்பது போல.

சரி, பிள்ளை கேட்டுவிட்டது என்று புதுக்கோட்டைக்குப் போய் ஒரு கடையில் விசாரித்தேன். கடைக்காரர் நிலவழகன் நல்ல மனுஷர், உட்காரச் சொல்லி, வீட்டுக்கா தொழிலுக்கா என்று கேட்டார். கல்யாணத்துக்கு என்றேன். அவர் சின்னதும் பெரியதுமாக இரண்டை எடுத்து வைத்து, வீட்டுக்கு என்றால் பன்னிரண்டு வோல்ட் போதும், கனமும் இருக்காது, பலகை, திரைச்சீலைக் கம்பி எல்லாம் மாட்டிக்கொள்ளலாம், நாள் முழுக்கக் கான்கிரீட்டில் துளைக்கிற தொழில்காரர்களுக்குத்தான் பதினெட்டு வோல்ட், தட்டித் தட்டித் துளைக்கிற ஹேமர், மாற்றிப் போட இரண்டு பேட்டரி என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். கேட்டு என்ன பிரயோசனம்? சம்பந்தி வீட்டுக்குப் போகிற பொருள் சின்னதாக இருந்தால் நன்றாகவா இருக்கும் என்று, அண்டா வாங்குகிற மாதிரி இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்துக் கனமானதை வாங்கிவிட்டேன்.

கொடுக்கிற பொருளைச் சோதித்துப் பார்க்க வேண்டாமா என்று வீட்டுக்கு வந்ததும் சுவரில் வைத்து அழுத்தினேன், கால் மணி நேரம் சுற்றுகிறது சுற்றுகிறது, சுவரில் ஒரு கீறல்கூட இல்லை, கதவு பழுது பார்க்க வந்திருந்த தச்சர் பிச்சை எட்டிப் பார்த்து, ஐயா அது திருகாணியைக் கழற்றுகிற பக்கம் சுற்றுகிறது என்று ஒரு பொத்தானைத் தள்ளிவிட்டார், நான் மறுபடி அழுத்தினேன், என் பாட்டனார் கட்டிய சுவரிலிருந்து சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் காரை பெயர்ந்து என் காலிலேயே விழுந்தது. "பழைய காரைச் செவருக்கு ஹேமரப் போடலாமாங்க?" என்றார் பிச்சை, ரொம்பத் தாழ்மையாக. விசாலியோ வீடியோ காலில் பார்த்துவிட்டு இது ஆகாது, ஒரு கிலோவுக்கு மேல் போகக் கூடாது, கை வலிக்கும் என்றாள். காரை ஒட்டிய ட்ரில்லை நிலவழகன் திரும்ப வாங்கிக்கொள்வாரா? மாட்டார். சின்னதையும் வாங்கினேன். இதைக் கேள்விப்பட்ட என் தமக்கையார், நல்ல காரியத்தில் எதையும் ஒத்தையாக வைக்கக் கூடாது, இரண்டையும் வை என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே இரண்டு ட்ரில் இருக்கும். குங்குமமும் வைத்துவிட்டார்கள்.

சம்பந்தி, மனசை விட்டுச் சொல்கிறேன், எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆணி அடிக்கக்கூட ஆளில்லாத வீடு என்று குத்திக் காட்டுகிறார்கள் என ஆச்சி நினைத்துவிட்டால், விசாலிக்கு வந்த அன்றைக்கே மனத்தாங்கலாகிவிடும். ஒற்றைப் பிள்ளை. அவளை யாரும் முகம் கோணிப் பார்த்தால் நான் தாங்க மாட்டேன். ஆச்சியின் நல்ல வேளை பார்த்துத் தாங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆச்சிக்கு எங்கள் இருவரின் வணக்கம். மாப்பிள்ளைக்கு ஆசிகள். குடும்பம் தழைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஆதப்பன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஆச்சியே மீனாக்ஷியைப் போனில் கூப்பிட்டார்கள். ட்ரில் கேட்டது விசாலி இல்லையாம், ஆச்சிதானாம். "அடுப்படியில ஒரு பலகை அடிச்சுத் தாங்கன்னு கல்யாணமான வருஷத்துலேருந்து ஒங்க சம்பந்திகிட்டக் கேக்குறேன். நாளைக்கு, நாளைக்குங்கிறாக. மருமக வரட்டும், நாங்களே அடிச்சுக்கிறோம். அவுகளுக்குத் தெரிய வேணாம்," என்றார்களாம். ஆகவே மேலே எழுதிய எதையும் தாங்கள் ஆச்சியிடம் சொல்ல வேண்டியதில்லை. தங்களிடமும் சொல்லக் கூடாதுதான், எனக்கு மனசு கேட்கவில்லை. கல்யாணத்துக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது.