விடப் போகிறவர்

வேலையை விட்டவர்களைப் பற்றி எழுதிப் பயனில்லை. அவர்கள் விட்டார்கள், போனார்கள், முடிந்தது. நான் உங்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புவது விடப் போகிறவரை. இந்த இனம் வங்கியில் உண்டு, பள்ளிக்கூடத்தில் உண்டு, நீதிமன்றத்தில் உண்டு. ஆனால் நன்றாகக் கொழுத்து வளர்ந்த ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் வர வேண்டும். லிஃப்டை விட்டு இறங்கியதும் இடது பக்கம், பேச்சுப் பயிற்சி அறை. பக்கத்து அறையில் நோயாளிகளுக்குக் காது கேட்கிறதா என்று சோதிக்கிறவள் நான். சத்தம் புகாத சோதனைக் கூண்டுக்குள் இருக்கும்போது எனக்கு ஒன்றும் கேட்காது. வெளியே வந்துவிட்டால் நடுவில் இருப்பது வெறும் பலகைத் தடுப்பு. அவர் பேசுவது அத்தனையும் கேட்கும்.

அவர் ஸ்பீச் தெரபிஸ்ட். பேச்சு வராத குழந்தைக்கும், திக்குகிறவருக்கும், பக்கவாதம் வந்து பேச்சைப் பறிகொடுத்தவருக்கும் பேசப் பயிற்சி தருகிறவர். அதில் கெட்டிக்காரர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடிக்கிற பிள்ளையைக்கூட சோப்பு நுரை ஊதிக்காட்டி மடியில் உட்காரவைத்து, "பா" சொல்ல வைத்துவிடுவார். அந்தப் பிள்ளையின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனதும் என் கதவருகே வந்து நின்று பெருமூச்சு விடுவார்.

"இந்த வேலைல எதிர்காலமே இல்ல மேடம். இந்த வருஷத்தோட சரி."

எந்த வருஷத்தோடு என்று கேட்கும் அநாகரிகத்தை நாங்கள் செய்வதில்லை. அவர் முதுகுக்குப் பின்னால் 'பிளாட்பாரம்' என்று பெயர் வைத்ததோடு நிறுத்திக்கொண்டோம். எல்லா வண்டியும் அங்கேதான் வந்து நிற்கும், அது மட்டும் எங்கும் போகாது, இல்லையா?

வண்டிகளுக்குக் குறைவே கிடையாது. பேச்சை அறிந்தவனுக்கு வெளியே எத்தனை வழி இருக்கிறது தெரியுமா என்று ஆரம்பித்தாரானால், கம்பெனி மேலாளர்களுக்கு மேடையில் பேசக் கற்றுக்கொடுக்கலாம், காது மிஷின் விற்கலாம், குழந்தைகளுக்குப் பேசும் பொம்மை செய்யலாம், கல்லூரியில் பாடம் எடுக்கலாம், லிஃப்டுக்குள்ளே "கதவு மூடுகிறது" என்று சொல்லும் குரலாகக்கூடப் போகலாம் என்று ஒவ்வொன்றாக விரித்து, ஒவ்வொன்றிலும் தான் உச்சத்துக்குப் போய்விட்ட காலத்தை நமக்குக் காட்டி, நாம் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருக்கும்போதே, "ஆனா அதுலயும் இப்ப போட்டி அதிகமாயிடுச்சு" என்று சுருட்டி உள்ளே வைத்துவிடுவார். ஒருமுறை குரல் கொடுக்கும் தொழிலுக்கென்று விலை உயர்ந்த மைக் ஒன்று வாங்கினார். ஆஸ்பத்திரி விழாவுக்கு வந்த அவர் மனைவியிடம் அதைப் பற்றிக் கேட்டேன். "அதோட ஸ்டாண்டுல துண்டு காயப்போடறேன். நல்லா தாங்குது," என்றார்.

அவர் நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். மாற்றித் தருகிறோம் என்றால், "போகப் போறவனுக்கு எதுக்கு?" என்பார். நோயாளிகளிடமும் இதே பாட்டுத்தான். முதல் நாளே, "நான் ரொம்ப நாள் இங்க இருக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டுத்தான் நாக்கை நீட்டச் சொல்வார். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். அவரவர் கவலை அவரவருக்கு.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் அதை நம்புகிற ஒரு பெண்மணி வந்து சேர்ந்தார்.

அவர் ஒரு தையல்காரரின் மனைவி. தையல்காரருக்குப் பக்கவாதம். கை கால் ஓரளவு தேறிவிட்டது, பேச்சு மட்டும் திரும்பவில்லை. மிஞ்சியது ஒரே வார்த்தை. பசிக்குதா என்றால் "சரி". வலிக்குதா என்றால் "சரி". இது யாரு என்று மனைவியைக் காட்டிக் கேட்டால், அந்த அம்மாள் முகத்தைப் பார்த்துக் கண் கலங்கி, "சரி". வேறு வார்த்தைக்காக வாயைத் திறப்பார். உள்ளே தேடுவது நெற்றியில் தெரியும். வந்து விழுவது இந்தச் சனியன்தான். கோபத்தில் தொடையில் அடித்துக்கொள்வார். கடையைப் பூட்டிப் போட்டிருந்தார்கள். அளவு சொல்ல முடியாத தையல்காரரிடம் யார் துணி கொடுப்பார்கள்?

முதல் நாள் நம் ஆள் வழக்கம்போல ஆரம்பித்ததைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் கேட்டேன்.

"சொல்லிடறேம்மா, நான் சீக்கிரம் இங்கேர்ந்து போயிடுவேன்."

"ஐயோ, எப்ப சார்?"

"அநேகமா இந்த வருஷத்துக்குள்ள."

"அதுக்குள்ள இவருக்குப் பேச்சு வந்துடுமா?"

அவர் என்ன செய்வார் பாவம், இதுவரை யாரும் இப்படித் திருப்பிக் கேட்டதில்லை. "முயற்சி பண்ணுவோம்," என்று முனகினார்.

அந்த அம்மாளுக்கு அது போதும். மறுநாளிலிருந்து ஆஸ்பத்திரி திறக்கும் முன்பே இருவரும் வராந்தா பெஞ்சில் இருப்பார்கள். படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் கணவர் முகத்துக்கு நேரே அந்த அம்மாள் காட்டுவார். "இது என்ன? சொல்லுங்க. சார் போயிடுவாருங்க, சொல்லுங்க." பேருந்தில் வரும்போதும் இதுதானாம். தூக்கத்தில்கூட அவரை எழுப்பிக் கேட்டிருப்பார் என்பது என் சந்தேகம். அந்த மனுஷனும் வியர்த்து விறுவிறுத்து, முழங்காலில் விரலால் தாளம் தட்டி, அந்தத் தாளத்தில் வார்த்தையை ஏற்றிக் கொண்டுவருவார். அந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தது பிளாட்பாரம்தான், சொன்னேனே, கெட்டிக்காரர். ஒரு நாள் "நூல்" வந்தது. பிறகு "ஊசி". "கத்தரி" வந்த அன்று அந்த அம்மாள் என் அறைக்கே ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

இந்த நேரம் பார்த்து, பிளாட்பாரத்துக்கு நிஜமாகவே வேலை கிடைத்தது.

போனில் பதில் சொல்லும் இயந்திரங்களுக்குப் பேச்சுப் பழக்கும் ஒரு கம்பெனி. எப்போதோ விளையாட்டாக விண்ணப்பித்திருக்கிறார். கூப்பிட்டார்கள், பேசினார்கள், உடனே வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். மனுஷன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வேலை போனவன்கூட அப்படி வெளிறிப் போயிருக்க மாட்டான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஆளாகப் பிடித்து யோசனை கேட்டார். யோசனையா கேட்டார்? தடையைத் தேடினார். வீட்டில் சொல்லியிருக்கிறார். மனைவி குழம்பைக் கிளறியபடியே, "போங்க," என்றாராம்.

"யோசிக்க வேணாமா?"

"இத்தன வருஷமா வேற என்னங்க பண்ணீங்க?"

துறைத் தலைவியிடம் போனார். "உங்களுக்கு நல்லதுன்னா நான் தடுக்க மாட்டேன்," என்று அந்த அம்மாள் எழுந்து கைகொடுத்துவிட்டார். நம் ஆளுக்குக் கீழே வேலை பார்க்கும் இளம் தெரபிஸ்ட், ஒரு நாளும் வேலையைப் பற்றிக் குறை சொல்லாத பெண், "நல்ல சான்ஸ் சார், விட்டுடாதீங்க," என்றாள். கடைசியில் என்னிடம் வந்தார்.

"யாருமே 'போகாதீங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லல மேடம். இவ்ளோதானா நான்?"

எனக்குச் சிரிப்பு வந்தது; கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. "போகாதீங்க," என்று சொல்லியிருந்தால் அங்கேயே காலில் விழுந்திருப்பார். ஆனால் எனக்கு அவ்வளவு நல்ல மனசு கிடையாது. "எப்ப பார்ட்டி?" என்று கேட்டேன்.

அவருக்கு மிஞ்சியது தையல்காரர் ஒருவர்தான்.

அன்று அறைக்குள் போனவர் பயிற்சியை ஆரம்பிக்கவில்லை. குரலை உருக்கமாக இறக்கி, "ஐயா, எனக்கு வேற வேலை கிடைச்சிருக்கு. ஆனா உங்களை இந்த நிலைல விட்டுட்டுப் போக மனசு வரல. நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்ணட்டும்?" என்றார்.

நான் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டேன். முழங்காலில் விரல் தட்டும் ஒலி, மெதுவாக.

"நீங்க... போ... ங்க." மூச்சு வாங்கினார். "நான்... பே... சு... வேன்."

அந்த மனுஷன் பேச்சை இழந்த பிறகு சொன்ன முதல் முழு வாக்கியம். அம்மாள் விம்மி அழுவது கேட்டது. எழுந்து ஓடிப்போய்க் கை தட்டலாமா என்று நினைத்தேன். இப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்பதற்குத்தானே ஒருவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான்?

பிளாட்பாரம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அந்த 'சு' இன்னும் சரியா விழலையே," என்றார். "இன்னும் கொஞ்ச நாள் ஆகும்மா."

மறுநாள் கம்பெனிக்குப் போன் செய்து, ஒரு நோயாளிக்காகத் தன் எதிர்காலத்தைத் தியாகம் செய்வதாகச் சொன்னார். அவர்கள் தியாகத்தை ஒரு நிமிஷம் மரியாதையாகக் கேட்டுவிட்டு, வேறு யாராவது தெரியுமா என்று கேட்டார்கள். இவரும் பெருந்தன்மையாக அந்த இளம் பெண்ணின் பெயரைச் சொல்லிவைத்தார், அவளெல்லாம் எங்கே போகப் போகிறாள் என்ற தைரியத்தில். அவள் போய்ப் பார்த்தாள், பிடித்திருந்தது. முறையாக எழுதிக் கொடுத்துவிட்டு, கடைசி நாளன்று சாப்பிடும்போதுதான், "நான் நாளைலேர்ந்து வர மாட்டேன்," என்று எங்களிடம் சொன்னாள். இப்போதும் பேசுவாள். வேலை பரவாயில்லையாம், சில நாள் அலுக்குமாம், குழந்தைகள் ஞாபகம் வருமாம். அவ்வளவுதான்.

தையல்காரர் பயிற்சியை முடித்துக்கொண்டு கடையைத் திறந்துவிட்டார். நான் ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போயிருந்தேன். "கழுத்து," என்று நிறுத்தினார், "தோள்," என்று நிறுத்தினார், நான் காத்திருந்தேன். மனைவி காஜா எடுத்துக்கொண்டிருந்தார்.

"சார் போயிட்டாராம்மா?"

"இல்லம்மா. அங்கதான் இருக்காரு."

"அந்த வேலை?"

"வேணாம்னுட்டாரு."

ஊசி அப்படியே நின்றது. "அப்ப நாங்க எதுக்கும்மா அப்படிக் கெடந்து ஓடினோம்? விடிஞ்சா சார் போயிடுவாரோன்னு பயந்து பயந்து நான் செத்தேனே!" அவருக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. தையல்காரருக்குத் தெரிந்திருந்தது. இங்கே எழுத முடியாத ஒரு வார்த்தையைச் சொன்னார். ஒரு எழுத்துகூடத் தட்டவில்லை.

பிளாட்பாரம் இன்று காலையும் ஒரு புதிய குடும்பத்திடம், தான் ரொம்ப நாள் இங்கே இருக்கப் போவதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நீங்கள் வேறு தொழிலில்தானே இருக்கிறீர்கள். இருந்தாலும் ஒரு சின்னச் சோதனை. இந்த வேலையே வேண்டாம், விட்டுவிடப் போகிறேன் என்று இன்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். "தாராளமா விட்டுடுங்க," என்று பதில் வந்ததும், உங்கள் வாயிலிருந்து அடுத்து வருகிற வார்த்தையைக் கவனியுங்கள். "ஆனால்" என்று வரும். எந்தப் பயிற்சியும் இல்லாமல், துளி பிசிறில்லாமல் வரும்.