பிச்சையா அண்ணாச்சி கிணறும் என் பதினோரு இறாலும்

கோவில்பட்டி,
வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய பிச்சையா அண்ணாச்சி அவர்கள் சமூகத்துக்கு,

ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியன் கண்ணபிரான் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி வள்ளிமயிலும் மகள் உமாராணியும் பதினோரு இறால்களும் சுகம். அங்கே தாங்களும், மதினி ஆவுடைத்தாயும், தங்கள் மகன் லிங்கராஜ் தம்பியும், ஆடுமாடுகளும், முக்கியமாகத் தங்கள் கிணறும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். 'சம்பந்தி' என்று ஆரம்பிக்கத்தான் பேனா போனது. தங்கள் வீட்டில் நான் செய்துவிட்டு வந்த காரியத்துக்குப் பிறகு அந்த உரிமை எனக்கு இல்லை என்பதால் அண்ணாச்சி என்று நிறுத்திக்கொள்கிறேன். போனில் கூப்பிட்டால் நீங்கள் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய வணக்கமும் அப்படியே கிடக்கிறது. தபால்காரர் எப்படியும் உங்கள் கையில் கொடுத்துவிடுவார் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

நடந்ததை ஒளிக்காமல் ஒத்துக்கொள்கிறேன். பன்னிரண்டு நாளைக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை, புதூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, உமாராணிக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தோம். தாங்கள் வாசலுக்கே வந்து அழைத்தீர்கள். உட்கார்ந்ததும் மதினி வெள்ளி டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்தார்கள். எவனாக இருந்தாலும் வாங்கிக் குடித்திருப்பான். நான் வாங்கி, சட்டைப் பையில் இருந்த டிடிஎஸ் மீட்டரை எடுத்து, மூடியைக் கழற்றி, டம்ளருக்குள் விட்டேன். தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று நம்பர் காட்டும், பேனா மாதிரி ஒரு சாமான் அது. உங்கள் பங்காளி ஒருவர், "ஏலே, தண்ணிக்குக் காய்ச்சல் அடிக்கான்னு பாக்காவ!" என்று சிரித்தார். அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். "ஏ அப்பா, தொள்ளாயிரத்துப் பத்து! இதுல எறாகூட உசிரோட இருக்காதே!" என்று சபையில் சத்தமாகச் சொல்லிவிட்டு, ஒரு மடக்குக்கூடக் குடிக்காமல் டம்ளரைக் கீழே வைத்தேன். தாங்கள் துண்டை உதறித் தோளில் போட்டு, "இந்தத் தண்ணியக் குடிச்சுத்தான் எம்புள்ள வளந்து நிக்கான். எறாவுக்கு மாப்பிள்ள பாக்கதா இருந்தா வேற ஊருக்குப் போங்க" என்றீர்கள். நியாயமான பேச்சு. நாங்கள் அடுத்த பஸ்ஸுக்கு வந்துவிட்டோம்.

பஸ்ஸில் எட்டயபுரம் தாண்டும் வரை வள்ளிமயில் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் திறந்தாள், கோவில்பட்டி வரும் வரை மூடவில்லை. "ஒரு காலத்துல தண்ணி சரியில்லன்னு அந்த ஊருக்குப் பொண்ணு குடுக்கவே யோசிப்பாவ. அந்த ரோசத்துல அண்ணாச்சி அவிய கையால வெட்டுன கெணறு அது. அதுல போயி நம்பர் பாத்திருக்கிய!" என்றாள். சத்தியமாக எனக்கு இது தெரியாது அண்ணாச்சி. தெரிந்திருந்தால் டம்ளரை விட்டுவிட்டு வாளியோடு குடித்திருப்பேன்.

இந்த இறால் சமாச்சாரம் எப்படி வந்தது என்று தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மணியாச்சி ஜங்ஷனில் முப்பத்தாறு வருஷம் ரயிலுக்குத் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவன் நான். ரிடையர் ஆன பிறகு பார்ப்பதற்கு ரயில் இல்லாமல் பிரஷர் ஏறிவிட்டது. மீன் தொட்டி வைத்து தினமும் அரை மணி நேரம் பாருங்கள் என்றார் டாக்டர். திருநெல்வேலியில் தொட்டிக் கடைக்காரரோ, "மீனு சண்டை போடும் சார், எறா வாங்கிட்டுப் போங்க, அது பாட்டுக்கு மேயும்" என்று விரல் நகம் அளவில் செக்கச்செவேல் என்று இருபது இறாலைக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டு, கூடவே இந்த மீட்டரையும் கொடுத்து, தண்ணீர்தான் முக்கியம் என்று ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஒரு வார்த்தைதான் என் குடியைக் கெடுத்தது. குழாய்த் தண்ணீரில் குளோரின், ஆகாது. கொசுவர்த்திப் புகை, ஆகாது. செம்புப் பாத்திரம் பட்ட தண்ணீர் விஷம். வள்ளிமயில் சீராகக் கொண்டு வந்த செம்புக் குடத்தை நான் தொட்டிப் பக்கமே அண்ட விடவில்லை. "எங்கப்பா குடுத்த கொடத்துத் தண்ணிய நாம குடிக்கலாம், ஒங்க எறா குடிக்கக் கூடாதோ?" என்று அன்றைக்கு ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை. வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்க வரும் இசக்கிசெல்வி, தேங்கின தண்ணீருக்கு மருந்து ஊற்ற வேண்டும் என்று வந்து நின்றபோது, நான் தொட்டிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து மறித்தேன். "என்ன அண்ணாச்சி, ரயில நிப்பாட்டுத மாதிரி நிக்கிய?" என்று கேட்டுவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது அந்தப் பிள்ளை. என் பிரஷர் முன்னைவிட இருபது ஏறியிருக்கிறது.

அதனால் ஆர்.ஓ. கேன் தண்ணீர் மட்டுமே ஊற்றினேன். மீட்டரில் பதினெட்டு காட்டும். நம்பர் குறையக் குறைய எனக்குப் பெருமை. டீக்கடை, கல்யாண மண்டபம், கோயில் தீர்த்தம் என்று கண்ட இடத்தில் எல்லாம் மீட்டரை விட்டுப் பார்த்துப் பழகிவிட்டேன். பழகின கைதான் அன்றைக்குத் தங்கள் வீட்டிலும் நீண்டது. தங்களை இளப்பம் பண்ண அல்ல. ஆனால் பதினெட்டு காட்டும் தண்ணீரில் இறால் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வந்தது. இருபது பதினாறானது, பதினாலானது. தங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பிய வாரத்தில் பதினொன்று. அதில் வயிற்றில் முட்டை வைத்திருந்த ஒன்று சரிந்து படுத்துவிட்டது. அன்றைக்குப் பார்த்துக் கேன்காரர் வரவில்லை. வெயிலில் தொட்டித் தண்ணீர் நாலு விரல் வற்றிக் கிடந்தது. சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு போய் நிரப்பி வருவதற்குள் தொட்டி ததும்ப நிற்கிறது.

"என்னட்டி ஊத்துனே?" என்றேன் வள்ளிமயிலிடம்.

"தண்ணி."

"எந்தத் தண்ணி?"

"கெளம்பும்போது அந்த மதினி, பஸ்ல தாகம் எடுக்கும்னு பாட்டில்ல ஊத்திக் குடுத்தாவல்லா, அதான்."

தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். மீட்டரை விட்டால் நூற்று நாற்பது. மறுநாள் காலையில் பார்க்கிறேன், தொட்டியின் அடியில் வெள்ளை வெள்ளையாகக் கூடுகள். எண்ணினால் பதினொன்று. அழுகையே வந்துவிட்டது அண்ணாச்சி. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், பாசிக்கு அடியில் இறாலும் பதினொன்று! சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுச் சிவப்பில் மேய்கின்றன. கடைக்காரரைப் போனில் பிடித்தேன். ரொம்பச் சுத்தமான தண்ணீரில் சத்தே கிடையாது, இறாலுக்குப் பழைய ஓட்டைக் கழற்றவும் முடியாது, புது ஓடு கட்டவும் முடியாது, அதனால்தான் செத்திருக்கிறது என்றார். மூன்றாம் நாள் கடுகைவிடச் சின்னதாகக் குஞ்சுகள். தங்கள் கிணறு கொடுத்த உயிர் அத்தனையும். எந்தத் தண்ணீரில் உயிர் இருக்காது என்று இந்த நாக்கு சொன்னதோ, அந்தத் தண்ணீர்தான் என் தொட்டியைக் காப்பாற்றியிருக்கிறது.

எனக்கு ஒரே மகள். நாலு இடம் வந்து, நாலையும் வேண்டாம் என்றவள், தம்பி லிங்கராஜோடு பேசிப் பார்த்த பிறகு, "இந்த எடம் எனக்குப் புடிச்சிருக்குப்பா" என்று அவளாகவே சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமையில் இருந்து என்னோடு பேச்சில்லை. சோற்றைப் போட்டு வைக்கிறாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். வீட்டில் மகள் பேசாமல் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. என் வாய்க்கொழுப்புக்குப் பிள்ளைகளைத் தண்டிக்க வேண்டாம். தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த பஸ்ஸில் வந்து, சபையில் மன்னிப்புக் கேட்டு, அந்த டம்ளரை வாங்கிக் குடிக்கிறேன்.

தங்கள் கிணறு எந்தக் கோடையிலும் ஊற்றுக்கண் அடைக்காமல் இருக்கட்டும். கரிசலில் போட்ட விதை முழுக்க முளைக்கட்டும். மதினிக்கு என் வணக்கம், தம்பிக்கு என் ஆசி.

இப்படிக்கு,
தலைகுனிந்து,
கண்ணபிரான்.

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் வள்ளிமயிலிடம் வாசிக்கக் கொடுத்தேன். வாசித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "அந்தப் பாட்டில் இன்னும் பையிலதான் கெடக்கு. நான் ஊத்துனது நம்ம குளிக்கிற வாளித் தண்ணி" என்கிறாள். "பின்ன ஏம்ட்டி அப்படிச் சொன்னே?" என்று கேட்டால், "அப்படிச் சொன்னாத்தான் நீங்க அவியளுக்கு மன்னிப்புக் கடுதாசி எழுதுவிய" என்கிறாள்.

ஊர்த் தண்ணீரை எல்லாம் அளந்த எனக்கு குளிக்கப் பிடிக்கும் எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரை அளக்கத் தோன்றவில்லை. இப்போது ஓடிப்போய் அளந்தேன். ஆயிரத்து முந்நூற்று நாற்பது. திரும்ப எழுதக் கை வலிக்கிறது. ஆகவே மேலே தங்கள் கிணற்றைப் புகழ்ந்த இடங்களை மட்டும் தயவுசெய்து அடித்துக்கொள்ளவும். மன்னிப்பு அப்படியே இருக்கட்டும்.

மதினி கொடுத்த பாட்டிலைப் பையில் இருந்து எடுத்துத் திறந்து, நின்ற வாக்கில் முழுவதும் குடித்துவிட்டேன். மீட்டரை விடவில்லை. உமாராணி வாசல் நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பன்னிரண்டு நாளைக்குப் பிறகு வாயைத் திறந்து, "தண்ணி எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டாள்.

அவளிடம் சொன்னதையே தங்களுக்கும் சொல்கிறேன். உப்புத்தான், சம்பந்தி. ஆனால் எங்கள் வீட்டை விடக் கம்மி.