அட்வான்ஸ்டு ரசம்

இனிமேல் இந்த வீட்டில் கரண்டியைத் தொடுவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை காலையில் இப்படி ஒரு சபதம் எடுத்தேன். மனசுக்குள்தான். வெளியே சொன்னால் சீதாலட்சுமிக்குக் கேட்டுவிடுமே.

எம்.எஸ்ஸி.க்கு அவள் அப்ளிகேஷன் போட்டபோது, "நீ படி, சமையலை நான் பாத்துக்கறேன்" என்று எங்கள் ஏரியா ஜீவனஹள்ளிக்கே கேட்கிற மாதிரி சொல்லிவைத்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து எவன் சீட் கொடுக்கப் போகிறான் என்கிற தைரியம்தான். கொடுத்துத் தொலைத்தார்கள். அதுவும் சும்மா கெமிஸ்ட்ரி இல்லை, அட்வான்ஸ்டு ஆர்கானிக் கெமிஸ்ட்ரி. அன்றிலிருந்து நான் அடுப்படியில். பெண்டாட்டி நாற்காலியில், மடியில் செங்கல் கனத்துக்கு ஒரு புஸ்தகம்.

நியாயமா சார் இது? கம்பெனியில் நான் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். என்னைக் கேட்காமல் ஒரு ஸ்க்ரூ வெளியே போகாது. வீட்டிலோ கொத்தமல்லிக் கட்டுக்கு பிரேசர் டவுன் வரை ஓடுகிறேன். பக்கத்து வீட்டு ரெமிஜியஸ் வேறு காம்பவுண்டுக்கு மேலே தலையை நீட்டி, "என்ன பெருமாள்சாமி, ஊட்டா ஆய்தா?" என்று கன்னடத்தில் விசாரிக்கிறார். ஊருக்கெல்லாம் அது சாப்பிட்டாச்சா என்கிற கேள்வி. எனக்கு மட்டும் சமைச்சாச்சா என்கிற கேள்வி.

திட்டம் சுலபம். ரசத்தைக் கெடுப்பது. நாலு வேளை அந்த ரசத்தைக் குடித்தால் அவளே வந்து கரண்டியைப் பிடுங்கிவிடுவாள். ஆனால் என் வயிறு என்ன பாவம் பண்ணியது? அதனால் முதலில் வஞ்சனையில்லாமல் பிரமாதமாக ஒரு ரசம் வைத்தேன். எனக்கு ஒரு டம்ளர் எடுத்து மிக்ஸிக்குப் பின்னால் மறைத்தேன். மிச்சத்தில் கல்லுப்பைக் கை நிறைய அள்ளிக் கொட்டினேன்.

சீதாலட்சுமி ஒரு வாய் குடித்தாள். முகம் மாறவேயில்லை.

"ஏங்க, ரெட்ரோசிந்தசிஸ்னா என்னன்னு தெரியுமா?"

"சிந்தறது நீ, துடைக்கறது நான். அதானே?"

"இல்லைங்க. கடைசியில வந்த பொருளை வெச்சுக்கிட்டு, அது எப்படி வந்துச்சுன்னு ஒவ்வொரு படியா பின்னாடி போறது. நாளைக்கு எனக்கு அதுலதான் டெஸ்ட்."

"அதுக்கும் ரசத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"புளி பச்சை வாசனை போகக் கொதிச்சிருக்கு. தாளிப்பு கருகலை. பெருங்காயம் அளவா இருக்கு. இவ்வளவும் சரியா செஞ்ச கை, உப்புல மட்டும் ஏன் தடுமாறுது?"

"கை தவறிடுச்சும்மா."

"தவறி விழுந்திருந்தா புளியோட சேர்ந்து கொதிச்சு கரைஞ்சிருக்கும். இது அடியில நறநறங்குது. இறக்கி வெச்சப்புறம் போட்ட உப்பு."

அவள் விடுவதாயில்லை.

"அப்ப, உப்பு விழறதுக்கு முன்னாடி நல்ல ரசமா இருந்திருக்கு. நல்ல ரசத்தைப் பூராவும் கெடுக்கிற ஆளா நீங்க? உங்க பங்கு எங்கயோ இருக்கணுமே."

நேராக அடுப்படிக்குப் போனாள். மிக்ஸியை நகர்த்தினாள். டம்ளரை எடுத்து, நின்றபடியே கடைசிச் சொட்டு வரை குடித்தாள். எனக்கு வயிறு எரிந்தது. புருஷன் பட்டினி என்கிற எண்ணம் கொஞ்சமாவது வேண்டாமா?

"நான்தான் அநாவசியமா கவலைப்பட்டுட்டேன்" என்றாள்.

"என்ன கவலை?"

"வாரம் பூரா ரசம் சுமாராத்தான் இருந்துச்சு. பாவம், உங்களுக்கு சமையல் வரலை, நாளையிலேர்ந்து நானே செஞ்சுக்கலாம்னு இருந்தேன். இவ்வளவு நல்லா வைக்கறீங்களே."

நாளையிலேர்ந்து! ஒரே ஒரு நாள் நான் சும்மா கிடந்திருக்கக் கூடாதா?

ரசாயனம் என்கிற வார்த்தைக்குள்ளேயே ரசமும் இருக்கிறது, சாயமும் இருக்கிறது. ரசம் வைத்தவன் நான். வெளுத்த சாயமும் என்னுடையதுதான்.

அந்த நேரம் பார்த்து காம்பவுண்டுக்கு மேலே ரெமிஜியஸின் தலை.

"என்ன பெருமாள்சாமி, ஊட்டா ஆய்தா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சீதாலட்சுமி முந்திக்கொண்டாள்.

"ஆச்சுண்ணா. இவர் வெச்ச ரசம், அமிர்தம். நாளையிலேர்ந்து உங்க வீட்டுக்கும் சேர்த்தே வெப்பாரு."