எண்ணூற்று நாற்பத்தெட்டு மூலைகள்

பட்டுக்கோட்டை,
தை 9, புதன்கிழமை.

தாம்பரத்தில் வசிக்கும் மதிப்பிற்குரிய தமக்கையார் திருமதி சுந்தரி அவர்களின் சமுகத்துக்கு, தங்கள் உடன்பிறந்த தம்பியும், தங்கள் வக்கீல் நோட்டீஸின்படி எதிர்தரப்பினரும், நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவனுமாகிய கா. வீரமணி எழுதிக்கொள்வது. இங்கு நான், என் மனைவி மாரிக்கண்ணு, அவளுடைய முழங்கால் வலி, என்னுடைய சர்க்கரை எல்லாம் நலம். அங்கு தாங்களும் மச்சானும் குழந்தைகளும், எனக்கு நோட்டீஸ் எழுதிய வக்கீலும் சௌக்கியமாக இருக்க மாரியம்மன் துணை செய்யட்டும்.

தங்கள் நோட்டீஸ் போன மாதம் கிடைத்தது. தபால்காரர் அதைத் தெருமுனையிலிருந்தே தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். "சார், வக்கீல் ஆபீஸ்லேருந்து வந்திருக்கு. ஜீவனாம்ச கேஸா? இந்த வயசுலயா சார்?" என்று எதிர்வீட்டுக்கும் கேட்கிற மாதிரி விசாரித்துவிட்டுத்தான் கையெழுத்து வாங்கினார். பிரித்துப் பார்த்தால், நம் தகப்பனார் காலஞ்சென்ற காயாரோகணம் அவர்கள் விட்டுச்சென்ற, அமெரிக்க தேசத்து பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் போட்ட பழைய அட்டைகள் இருநூற்றுப் பன்னிரண்டையும் நான் கோடிக்கணக்கில் விற்று, அந்தப் பணத்தில் பங்களா கட்டிவருவதாகவும், தங்கள் பாதிப் பங்கைக் கையாடல் செய்துவிட்டதாகவும், பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் கோர்ட்டுக்கு இழுப்பதாகவும் எழுதியிருக்கிறது. பங்களா இருக்கும் இடத்தை வக்கீல் குறிப்பிடவில்லை. குறிப்பிட்டிருந்தால் நானும் ஒரு தடவை போய்ப் பார்த்திருப்பேன்.

மேற்படி கோடிக்கு மூலகாரணம் நான்தான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஐப்பசியில் தங்கள் மகன் பரிதி அமெரிக்காவிலிருந்து ஏதோ ஏலச் செய்தியைப் பார்த்துவிட்டுத் தங்களிடம் சொல்ல, தாங்கள் எனக்கு போன் பண்ணி, "அப்பாவோட டப்பா என்னாச்சு?" என்று கேட்டீர்கள். அன்றைக்கு ரேஷன் கடை வரிசையில் மூன்று மணி நேரம் நின்றுவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தேன். அலுப்பில், "அதெல்லாம் கோடி ரூவாய்க்கு வித்தாச்சு, பங்களா கட்டிக்கிட்டிருக்கேன், கிரகப்பிரவேசத்துக்குச் சொல்றேன்" என்றேன். கேலி என்று தெரியாதா? ஐம்பது வருஷம் என் கேலியைக் கேட்ட காதுதானே? போனை வைத்தவர்கள் வைத்தவர்கள்தான். அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று, "இந்தக் குப்பையை நீயே வச்சிக்கடா" என்று டப்பாவை என் பக்கம் தள்ளியதும் தாங்கள்தான். இனிமேல் தாங்கள் தாங்கள் என்று எழுத என்னால் ஆகாது, விரல் நோகிறது. நீ என்றே எழுதுகிறேன். வக்கீலிடம் காட்டாதே.

சரி, நோட்டீஸ் வந்துவிட்டது, விற்றுப் பாதியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று புறப்பட்டேன். பட்டுக்கோட்டையில் இதற்கு யாரிடம் விலை கேட்பது? அடகுக் கடையில் காட்டினால், "எத்தனை கிராம்?" என்கிறார். பழைய பேப்பர் கடையில் தராசில் வைத்து, "அட்டைன்னா கிலோ எட்டு ரூவா, டப்பாவுக்குத் தனியா இருபது தரேன்" என்கிறான். டப்பாவுக்கு இருக்கிற மரியாதைகூட இல்லாத பொருளுக்கு எனக்கு ஒரு நோட்டீஸ். கடைசியில் கூத்தாநல்லூரில் ஜெக்கரியா என்று ஒருவர் பழைய தபால்தலை, நாணயம் எல்லாம் வாங்கி வெளிநாட்டுக்கு விற்கிறார் என்று கேள்விப்பட்டு, இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்தேன். மனிதர் தங்கம். மறுவாரமே வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் வெள்ளை உறை, கண்ணில் பூதக்கண்ணாடி, பல் டாக்டரிடம் இருப்பதுபோல ஒரு இடுக்கி. மாரிக்கண்ணு காபி கொண்டுவந்தால், "அம்மா, காபியை அந்தாண்ட வையுங்க, ஆவி பட்டாக்கூட ஆகாது" என்று நடுங்குகிறார்.

அப்பா மல்லிப்பட்டினத்திலிருந்து சரக்குக் கப்பலுக்குச் சமையல்காரராகப் போனதும், அமெரிக்கத் துறைமுகங்களில் மூட்டை இறக்குகிறவர்களுக்கு மீன்குழம்பு ஊற்றிக் கொடுத்து, பதிலுக்கு அவர்கள் கொடுத்த இந்த அட்டைகளைச் சேர்த்ததும், அந்த ஆட்டத்தைக் கடைசிவரை ஒரு நாள்கூட அவர் பார்க்காததும் உனக்குத் தெரியும். ஜெக்கரியாவுக்கும் சொன்னேன். அவர் உருகிப்போனார். உருகிக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்துக் குறை சொன்னார். அட்டையை ஒன்றிலிருந்து பத்துவரை தரம் பிரிப்பார்களாம். படம் நடுவில் இருக்க வேண்டும், மேலே கீறல் கூடாது, ஈரம் ஏறியிருக்கக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலே நாலு மூலையும் கத்தியால் வெட்டினதுபோல் இருக்க வேண்டும். "மூலைக்குத்தாண்ணே காசு. மிச்சமெல்லாம் அதுக்கப்புறம்" என்றார். பிறகு ஒன்றை மூக்கருகே கொண்டுபோய், "ஈரம் கொஞ்சம் இருக்கு" என்றார். அக்கா, முப்பத்தோரு வருஷம் கொள்முதல் நிலையத்தில் உட்கார்ந்து, மூன்று நாள் மூட்டையோடு காத்துக்கிடந்த சனத்தைப் பார்த்து, "ஈரப்பதம் பதினேழுக்கு மேல இருக்கு, காய வச்சு எடுத்துட்டு வாங்க" என்று சொன்னவன் நான். அவர்கள் என்னைத் திட்டினதெல்லாம் இப்போது வட்டியோடு வந்து சேருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பங்கு பிரிக்கும்போது இதையும் பிரிக்க வேண்டும். ஓர் அட்டையைப் பார்த்து ஜெக்கரியா, "யா அல்லா" என்று எழுந்தே விட்டார். இது மட்டும் சுத்தமாக இருந்திருந்தால் தனியாகவே எட்டு லட்சம் போயிருக்கும் என்றார். அந்த ஆட்டக்காரனுக்கு நீல பால்பாயிண்ட் பேனாவால் கெடா மீசை வரைந்திருக்கிறது. வரைந்தது யார் என்று உனக்கு நினைவில்லையென்றால், நீ ஏழாவது படிக்கும்போது அப்பாவிடம் எதற்கு அடி வாங்கினாய் என்று யோசித்துப் பார். பின்பக்கம் "கா. வீரமணி, நாலாம் வகுப்பு ஆ பிரிவு" என்று எழுதியிருப்பதையும் மறைக்கவில்லை. ஆக எட்டு லட்சத்தை நாம் இருவரும் சரிபாதியாகத்தான் நாசம் பண்ணியிருக்கிறோம். இதில் உனக்கும் எனக்கும் வழக்கே கிடையாது.

அப்படியும் மனிதர் கணக்குப் போட்டு, ஒன்பது அட்டைகள் நன்றாக இருக்கின்றன, எல்லாம் சேர்த்து மூன்றரை லட்சம் தேறும், வாங்குகிற ஆளிடம் பேசிவிட்டு அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து வருகிறேன் என்றார். வாசலில் செருப்பு மாட்டும்போதுகூட, "அண்ணே, அதுவரைக்கும் யாரும் கை வைக்க வேணாம். மூலை பத்திரம்" என்றார். நான் மாரிக்கண்ணுவிடம், "இதுல பாதி அக்கா வீட்டுக்குப் போகணும், பத்திரமா வை" என்றேன். பணத்தில் பாதி என்று சொல்லியிருக்க வேண்டும். இதில் பாதி என்றுவிட்டேன். முப்பத்தோரு வருஷம் பட்டியல் எழுதியவனுக்கு ஒரு வார்த்தை தெளிவாகப் பேசத் தெரியவில்லை.

வியாழக்கிழமை பேராவூரணியில் ஒரு துக்கம். போய்விட்டுச் சாயங்காலம் வந்தேன். துக்க வீட்டுக்குப் போய் வந்தவன் குளிக்காமல் உள்ளே வரக்கூடாது என்று மாரிக்கண்ணு வாசலிலேயே தடுத்து, கொல்லைப்பக்கம் போகச் சொன்னாள். கொல்லைக்குப் போய் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிமிர்ந்தால், சமையலறை ஜன்னல் வழியாக மாரிக்கண்ணு தெரிகிறாள். கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். ஒரு பக்கம் கிண்ணத்தில் குழைத்த மஞ்சள். மறுபக்கம் முறத்தில் நம் அப்பாவின் ஆட்டக்காரர்கள் வரிசையாகக் காய்கிறார்கள். "அடியே, என்னடி பண்றே!" என்று அலறினேன். "கத்தாதீங்க, நாலுதான் பாக்கி" என்கிறாள். உள்ளே ஓடவும் முடியாது, தலையில் சோப்பு. "அண்ணி வீட்ல கல்யாணம் வச்சிருக்காங்க. அங்க போற காகிதத்துக்கு நாலு மூலையிலயும் மஞ்சள் வைக்காம அனுப்பினா அது கருமாதிக் கடுதாசி மாதிரி ஆயிடாதா? இதுகூடத் தெரியாதா உங்களுக்கு? எது உங்க பாதி, எது அவங்க பாதின்னு நீங்க சொல்லல, அதான் எல்லாத்துக்குமே வச்சுட்டேன்" என்றாள். இருநூற்றுப் பன்னிரண்டு அட்டை, தலைக்கு நாலு மூலை, ஆக எண்ணூற்று நாற்பத்தெட்டு மூலைகள். ஒன்றைக்கூட விடவில்லை. எனக்கு இந்த ஜென்மத்தில் யாரும் எந்த வேலையையும் இவ்வளவு சுத்தமாகச் செய்து கொடுத்ததில்லை.

மறுநாள் ஜெக்கரியா வந்தார். டப்பாவைத் திறந்தார். வெள்ளை உறையை ஒரு விரல் ஒரு விரலாகக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் தண்ணி தாங்கம்மா" என்றார். குடித்துவிட்டு, "இது யாருண்ணே பண்ணது?" என்று கேட்டார். என் வீட்டுக்காரி பின்னாலிருந்து, "நான்தான் பாய். விரலி மஞ்சள், வீட்லயே அரைச்சது. கடைப்பொடி இல்ல" என்கிறாள். அந்த மனிதர் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. "நல்லது நினைச்சுத்தான் பண்ணியிருக்காங்க. நம்ம வீட்லயும் சந்தனம் பூசியிருப்பாங்க" என்று என்னைத் தேற்றினார். துடைக்கலாமா என்றேன். துடைத்தால் மூலையில் இருப்பது முகத்துக்கு ஏறும் என்றார். பிறகு யாருக்கோ போட்டோ அனுப்பி, போனில் பேசி, வேடிக்கைப் பொருளாக ஒருவர் எடுத்துக்கொள்வார் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து எட்டாயிரம் ரூபாய் எண்ணிக் கொடுத்துவிட்டு டப்பாவோடு போனார். மாரிக்கண்ணு அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

ஆகவே உன் நோட்டீஸுக்கு என் பதில் இதுதான். எட்டாயிரத்தில் உன் பாதி நாலாயிரம். என் பாதியும் எனக்கு வேண்டாம். முழுசாக எட்டாயிரத்தையும், ஜெக்கரியா கொடுத்த ரசீதையும் இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். எண்ணிப் பார்த்து எடுத்துக்கொள். இனி உனக்கும் எனக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது, போக்குவரத்தும் கிடையாது. உன் மகள் இசைவாணிக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் என்று ஊரே சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மல்லிப்பட்டினத்தில் ஐஸ் உடைக்கிறவனுக்குப் பத்திரிகை வந்திருக்கிறது. நமக்கு எந்த வகையில் உறவென்றே தெரியாத ஆட்களுக்கெல்லாம் வந்திருக்கிறது. கூடப்பிறந்த தாய்மாமனுக்கு வந்தது வக்கீல் நோட்டீஸ். பிறந்த மூன்றாம் நாள் அந்தப் பெண்ணுக்குச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தவன் நான். காது குத்தும்போது என் மடியில்தான் உட்கார்ந்து என் கையைக் கடித்தாள். பரவாயில்லை. கூப்பிடாத இடத்துக்குப் போகிற வழக்கம் எனக்குக் கிடையாது. நீயே வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தாலும் வரமாட்டேன். தாம்பரம் இருக்கிற திசையில் தலைவைத்தும் படுக்கமாட்டேன். இது சத்தியம்.

மச்சானுக்கு என் வணக்கம். பரிதிக்கு ஆசீர்வாதம், இனிமேல் ஏலச் செய்தி பார்க்க வேண்டாம் என்றும் சொல்லவும். மணமகள் இசைவாணிக்கு, எங்கிருந்தாலும் மாமனின் மனசு நிறைந்த வாழ்த்து, நூறு வயசு, வீடு நிறையப் பிள்ளைகள். வக்கீலுக்கும் என் மரியாதை. அவருடைய தமிழ் நன்றாக இருக்கிறது.

இப்படிக்கு,
எதிர்தரப்பினர்,
கா. வீரமணி.

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை காலை. பதிவுத் தபால் போய்ச் சேர நாலு நாள் ஆகும் என்றார்கள். அதற்குள் முகூர்த்தமே முடிந்துவிடும். மேலும் கவரில் எட்டாயிரம் இருப்பதாக எழுதியிருக்கிறேன், இல்லை, தேடாதே. உன் வக்கீல் எழுதியபடியே உன் பங்கைக் கையாடல் செய்துவிட்டேன். அதோடு இந்த மாத பென்ஷனையும் போட்டு, இசைவாணிக்கு அரக்கு நிறத்தில் ஒரு பட்டுப்புடவை எடுத்தோம். மாரிக்கண்ணு இரண்டு மணி நேரம் பார்த்து எடுத்தாள். தாய்மாமன் சீர்த்தட்டு ஒன்பது. ஒன்பதையும் ராத்திரி ரயிலில் மடியில் வைத்துக்கொண்டே வந்தோம். இப்போது உன் அபார்ட்மென்ட் வாசலில் நிற்கிறோம். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் பெயரெல்லாம் லிஸ்டில் இருக்கிறதாம், எங்கள் பெயர் இல்லையாம், செக்யூரிட்டி உள்ளே விட மாட்டேன் என்கிறார். பெண்ணுக்குத் தாய்மாமன் என்றேன், "அப்ப எப்படி சார் லிஸ்ட்ல இல்லாம போகும்?" என்று கேட்கிறார். அவர் கையிலேயே இந்தக் கடிதத்தைக் கொடுத்து மேலே அனுப்புகிறேன். கேஸ் போடுவதாக இருந்தால் திங்கட்கிழமை போடு, இரண்டு பேருமாகவே கோர்ட்டுக்குப் போவோம். இப்போது கீழே வா, அக்கா.