கடைசி ஒரு ஜாபு

திரையில் இன்றும் "1" என்றே இருந்தது.

வால்டெசிர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். கண்ணாடியில் கோளாறு இல்லை. நாடு முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும் ஜாபு பெட்டிகள்: ஒன்று. அது பூஜ்யம் ஆகாதவரை அவர் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது.

ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்கென்று கம்பெனி மலிவு விலையில் செய்த விளையாட்டுப் பெட்டிதான் ஜாபு. சிடி வேண்டாம், செல்போன் பேச்சு மாதிரி காற்றிலேயே விளையாட்டு வந்து இறங்கும், திருட்டு சிடிக்கு வழியே இல்லை என்று விளம்பரத்தில் மார்தட்டினார்கள். அதுதான் வினையாகப் போயிற்று. எங்கள் பிரேசிலில் நடைபாதைக் கடையில் திருட்டு சிடி வாங்காமல் வளர்ந்த பிள்ளை எது? ஒவ்வொரு பையனும் பெட்டியைப் புரட்டிப் பார்த்து, "சிடியை எங்க போடறது?" என்று கேட்டுவிட்டு, கீழே வைத்துவிட்டுப் போனான். ஜாபு என்ற பெயரே நிலத்து ஆமையின் பெயரைச் சுருக்கியதுதான். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று அந்தக் கம்பெனிக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

காம்பினாஸ் நகரில் மூன்று மாடி நிறைய ஆட்களோடு ஓகோவென்று இருந்த வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் இப்போது மிச்சம் ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஃபோன், ஒரு வால்டெசிர். தண்ணீர் கேன் போடுபவன்கூட வருவதை நிறுத்திவிட்டான்.

அன்று ஜூன் பன்னிரண்டு, எங்கள் ஊரில் காதலர் தினம். காலையிலேயே மனைவி டால்வா ஃபோன் செய்திருந்தாள். எட்டு மாதம் முன்பு ஃபோர்த்தலேசாவுக்குப் போய்க் கடற்கரையில் மரவள்ளி அடைக் கடை போட்டிருக்கிறாள். அடுத்த மாதம் வந்துவிடுகிறேன் என்று எட்டு மாதமாக இவர் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"இதப் பாருங்க. இருபத்து மூணாம் தேதி ஜூன் திருவிழா. வாசல்ல நெருப்பு மூட்டறப்ப நீங்க பக்கத்துல நிக்கணும். இல்லேன்னா அந்தக் கம்பெனியவே கட்டிக்கிட்டு அங்கயே இருங்க."

"வந்துடறேன் டால்வா. ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி."

"அந்த ஒண்ணு என்ன உங்க சின்ன வீடா?"

தானாக வேலையை விட்டால் இருபத்திரண்டு வருட உழைப்புக்கு ஒன்றும் கிடைக்காது. பிரிவை முறைப்படி மூடினால் எல்லாம் கிடைக்கும். ஆனால் பெட்டியோடு கொடுத்த அட்டையில், "ஒரு வாடிக்கையாளர் இருக்கும்வரை இணைப்பு இருக்கும்" என்று ஏதோ ஒரு புண்ணியவான் அச்சடித்து வைத்திருந்தான். அந்த ஒருவர் மினாஸ் மாநிலத்தில் கோரெகு சேக்கு என்ற சிற்றூரில் இருக்கும் தோனா ஜுரேமா, அதாவது ஜுரேமா அம்மாள்.

கம்ப்யூட்டர் சொன்ன கணக்குப்படி ஜுரேமா மகா ஒழுங்கான விளையாட்டுக்காரி. காலை எட்டுக்குப் பெட்டி உயிர் பெறும். பன்னிரண்டுக்கு அணையும். மறுபடி ஒன்றுக்கு எரியும். சரியாக ஆறுக்கு அணையும். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. 'உத்தியோகம் பார்க்கிற மாதிரி விளையாடுகிறாளே' என்று வால்டெசிர் ஆயாசப்பட்டார்.

மேலதிகாரி மரில்டா சாவோ பாலோவிலிருந்து கூப்பிட்டாள்.

"வால்டெசிர், அந்தம்மாகிட்டப் பேசினீங்களா? விருப்பப்பட்டுப் பெட்டியைத் திருப்பித் தர்றேன்னு கையெழுத்து வாங்குங்க."

"மூடப் போறோம்னு நேரா சொல்லிடவா மேடம்?"

"மூச்! அந்த வார்த்தை வெளிய வந்தா கேஸ் போட்டுடுவாங்க. எல்லாம் நல்லபடியா நடக்குதுன்னே சொல்லுங்க."

வால்டெசிர் ஃபோனைச் சுழற்றினார்.

"தோனா ஜுரேமா, நான் ஜாபு சேவைப் பிரிவிலிருந்து..."

"தம்பி! அதே குரல்! ரெண்டு வருஷம் முன்னாடி சிக்னல் இல்லேன்னு பேசினேனே, நீங்கதானே? இன்னும் அங்கதான் இருக்கீங்களா? அந்தோணியாருக்குக் கோடி நன்றி!"

"இருக்கேன்க்கா. நீங்க இன்னும் அந்தப் பழைய பெட்டியைத்தான்..."

"அணைக்கவே மாட்டேன் தம்பி. நீங்க நிம்மதியா இருங்க."

வால்டெசிர் பேச்சை முடித்துக்கொண்டார். முடிக்கும்போது வாய் தன்பாட்டுக்குப் பழைய பாடத்தை ஒப்பித்தது. விளம்பரக்காரர்கள் எழுதிக் கொடுத்த பாடம் அது. பக்கத்தில் "குரல் தழுதழுக்க" என்று குறிப்பும் உண்டு. பன்னிரண்டாயிரம் தடவை சொல்லிச் சொல்லி அவருக்குக் குரல் தானாகவே தழுதழுக்கும்.

"உங்களைப் போல ஒருவர் இருக்கும்வரைதான் எங்கள் வீட்டு அடுப்பு எரியும். நன்றி, வணக்கம்."

மறுமுனையில் ஜுரேமா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. ஜலதோஷம் போலும் என்று நினைத்துக்கொண்டார்.

நேரில் போனால்தான் காரியம் ஆகும் என்று முடிவாயிற்று. போட்டிக் கம்பெனியின் புத்தம்புதுப் பெட்டி ஒன்றை மரில்டா வாங்கிக் கொடுத்தாள். பழையதைக் கொடுத்தால் இது பரிசு. வால்டெசிர் பத்து மணி நேரம் பஸ்ஸில் குலுங்கி, வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் கோரெகு சேக்குவில் இறங்கினார். பஸ் நிலையத்துக்கு எதிரிலேயே ஜுரேமாவின் சாப்பாட்டுக் கடை.

"வாங்க தம்பி, வாங்க! இப்படியா துரும்பா இளைச்சுப் போயிருப்பீங்க!"

மினாஸ்காரர்களிடம் வந்த காரியத்தை எடுத்த எடுப்பில் பேசக் கூடாது. மூன்று காபி, ஏழு பாலாடைக்கட்டி உருண்டை உள்ளே போனபிறகுதான் வாயைத் திறக்கலாம். வால்டெசிர் தின்றார். மூலையில் ஜுரேமாவின் கணவர் ஒனோரியு பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"அவர் பேச மாட்டார் தம்பி. போன தேர்தலப்ப ஒரு தடவை பேசினார்" என்றார் ஜுரேமா.

அலமாரியில் ஒரு புனிதர் சிலைக்குப் பக்கத்தில், காகிதப் பூ வைத்து, ஜாபு பெட்டி பச்சை விளக்கோடு எரிந்துகொண்டிருந்தது. டிவி எதிர்ச் சுவரில் தன்பாட்டுக்கு நாடகம் காட்டிக்கொண்டிருந்தது. எதையும் யோசிக்கும் நிலையில் வால்டெசிர் இல்லை. பஸ்ஸில் பொட்டுத் தூக்கம் கிடையாது.

பன்னிரண்டு அடித்தது. ஜுரேமா எட்டிப் பெட்டியை அணைத்தார். வால்டெசிருக்குப் போன உயிர் திரும்பிவிட்டது.

"அணைச்சிட்டீங்களேக்கா! அப்படியே விட்டுடலாமே?" என்று படிவத்தை உருவினார்.

"சாப்பாட்டு நேரம்ல? எல்லாரும் ஒரு வாய் சாப்பிட வேண்டாமா?"

சோறும் பயறும் வந்தன. வால்டெசிர் புதுப் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"அதைக் கொடுத்துட்டு இதை வச்சுக்கோங்கக்கா. சிடி போட இடம்கூட இருக்கு."

"அழகா இருக்கு. உங்க பிள்ளைங்களுக்கு எடுத்துட்டுப் போங்க."

"எனக்குப் பிள்ளைங்க இல்ல."

"அடப் பாவமே!" இன்னொரு கரண்டி பயறு விழுந்தது. "வீட்ல அவங்க?"

"எட்டு மாசமா கூட இல்ல."

ஜுரேமா கணவரைத் திரும்பிப் பார்த்தார். ஒனோரியு பூண்டைக் கீழே வைத்தார்.

"அந்தப் பெட்டியை வாங்கிட்டு வரச்சொல்லி உங்க மேலதிகாரி அனுப்பினாங்களா தம்பி?"

"ஆமாக்கா. நீங்க கொடுத்தா எனக்குப் பெரிய உபகாரம்."

"புரியுது. எனக்கு எல்லாம் புரியுது" என்றார் ஜுரேமா. படிவத்தை நான்காக மடித்து வால்டெசிரின் சட்டைப் பையிலேயே செருகினார். ஒன்று அடித்ததும் பெட்டியைப் போட்டுவிட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கி எங்கோ போனார்.

'கை தேர்ந்த பேரக்காரி' என்று நினைத்துக்கொண்டார் வால்டெசிர்.

நான்கு மணிக்கு மரில்டாவின் ஃபோன்.

"அங்க என்ன பண்ணிட்டிருக்கீங்க? ஆறு காட்டுது!"

"மணியா மேடம்?"

"பெட்டி! ஆறு பெட்டி ஓடுது!"

விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. இந்த ஊர்ச் சாமான் கடைக்காரர் விற்காத ஜாபுகளைத் தலைமுழுகுவதற்காக, ஃபிரிட்ஜ் வாங்கினவர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று இலவசமாகத் தள்ளிவிட்டிருந்தார். பரண்மேல் கிடந்ததெல்லாம் இப்போது கீழே இறங்குகிறது. புதுப் பெட்டி இலவசமாகக் கிடைக்கும் என்று ஜுரேமா தெருவெல்லாம் தம்பட்டம் அடித்திருக்க வேண்டும். பிடிக்கப் போனது பிள்ளையார், முடிந்தது குரங்கு.

வெள்ளிக்கிழமை ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார். போன வீட்டிலெல்லாம் காபி. போன வீட்டிலெல்லாம் உருண்டை. கையெழுத்து மட்டும் கிடையாது. முடிவெட்டும் ஜெசுயீனு கத்தரியை நீட்டி முழங்கினான்.

"டிவியே கொடுத்தாலும் அணைக்க மாட்டேன் சார்!"

வால்டெசிர் வெளியே வந்து ஃபோன் போட்டார். "மேடம், டிவி கேக்கறாங்க."

மரில்டா பல்லைக் கடித்துக்கொண்டு டிவிக்கும் சம்மதித்தாள். அதை ஜெசுயீனுவிடம் சொன்னதற்கு அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"எங்களை என்னன்னு நெனச்சீங்க? பார்க்கத்தான் சின்ன ஊரு. மானம் மரியாதை இருக்கு!"

'டிவிக்கும் மசியாதவன் வீடே கேட்பான் போலிருக்கே' என்று வால்டெசிர் தலையில் கை வைத்தார். சாயங்காலம் எண்ணிக்கை பதினான்கு. இரவு டால்வா ஃபோனில் கேட்டாள்.

"அந்த ஒண்ணு முடிஞ்சுதா?"

"அது வந்து... பதினாலு ஆயிடுச்சு."

அவள் திட்டவில்லை. டக்கென்று ஃபோனை வைத்துவிட்டாள். அது திட்டுவதைவிட மோசம். வால்டெசிர் லாட்ஜ் கட்டிலில் சாய்ந்தார். ஐம்பத்தோரு வயதில் மனிதனுக்கு வேண்டியது ஒரு வாசல், ஒரு நெருப்பு, பக்கத்தில் அவள். இதைக் கேட்டால் அதிகமா?

சனிக்கிழமை பதினெட்டு. ஞாயிற்றுக்கிழமை பூஜ்யம் காட்டியது. கையெழுத்து இல்லாத பூஜ்யம், நக்கக்கூட உதவாது. மனம் வெறுத்து வால்டெசிர் கோயிலுக்குப் போனார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததும் தூக்கம் சொக்கியது. பாதிரியார் அயலானுக்கு இரங்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் விழித்துப் பார்த்தால் கோயில் முழுக்க திரும்பி இவரையே பார்க்கிறது. குறட்டை விட்டுவிட்டோம் போல என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை காலை. ஜுரேமாவின் கடையில் முதல் காபி ஆறுவதற்குள் ஃபோன் அடித்தது. மணி எட்டு பத்து.

"வால்டெசிர்!" மரில்டாவின் குரலில் தேன் வழிந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் கேட்டறியாத தேன். "முப்பத்தேழு!"

"மன்னிச்சுடுங்க மேடம்."

"மன்னிப்பா? அஞ்சே நாள்ல ஒண்ணு முப்பத்தேழு ஆச்சு! மூவாயிரத்து அறுநூறு சதவீத வளர்ச்சி! மேலிடத்துல படம் போட்டுக் காட்டினேன், எழுந்து நின்னு கை தட்டினாங்க. சேவையை மூணு வருஷம் நீட்டிச்சாச்சு. நீங்கதான் பொறுப்பு. காம்பினாஸ் ஆபீசை விட்டு ஒரு நாள்கூட நகரக் கூடாது, சொல்லிட்டேன்!"

வால்டெசிர் ஃபோனை மேஜைமேல் வைத்தார். வாசல், நெருப்பு, டால்வா எல்லாம் கண்முன்னே வரிசையாக அணைந்தன. தோள் குலுங்கியது. அடக்க முடியாமல் அழுதுவிட்டார்.

"என்னாச்சு தம்பி?" ஜுரேமா ஓடி வந்தார்.

"மூணு வருஷம்க்கா... இன்னும் மூணு வருஷம்... வேலையை நீட்டிச்சுட்டாங்க..."

"ஐயோ என் அந்தோணியாரே!" என்று ஜுரேமா அலறி வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். தெருவில் குரல் பரவியது. ஜெசுயீனு கத்தரியும் கையுமாக ஓடி வந்து வால்டெசிரைக் கட்டிக்கொண்டான். ஜூன் திருவிழாவுக்கு வாங்கி வைத்திருந்த வாணங்களை யாரோ கொளுத்திவிட்டார்கள். கடை நிறைய சனம். எல்லார் கண்ணிலும் தண்ணீர். இவர்களுக்கு என்ன வந்தது என்று வால்டெசிருக்கு விளங்கவில்லை.

அப்போது மூலையில் ஒனோரியு பூண்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். கூட்டம் அடங்கியது. அவர் வந்து வால்டெசிரின் தோளில் கை வைத்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அழாதீங்க தம்பி, எங்க யாருக்கும் இதுல விளையாடத் தெரியாது; ரெண்டு வருஷம் முன்னாடி நீங்க ஃபோன்ல தழுதழுத்துச் சொன்னதுலேருந்து, உங்க ஆபீஸ் திறக்கிற எட்டு மணிக்குப் போட்டு, மூடற ஆறு மணிக்குத்தான் அணைக்கிறோம்; உங்க வீட்டு அடுப்பை நாங்க அணைய விடவே மாட்டோம்."