சேவு அண்ணன்

கம்ப்யூட்டரை ஒரு நிமிடம்கூட நம்பாமல் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் போடிநாயக்கனூரில் இருந்தார். அவர் பெயர் சேவு அண்ணன்.

தின்பண்ட வியாபாரி என்று நினைத்துவிட வேண்டாம். கீழே காராச்சேவுக் கடை, மேலே மாடியில் அவருடைய சென்டர் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் பெயர் வந்தது 'சேவ் பண்ணு' என்பதிலிருந்து. ஒரு வரி அடித்தால், "சேவ் பண்ணு ஆத்தா" என்பார். அதை அழித்தால், "அழிச்சதச் சேவ் பண்ணு." ஒன்றும் அடிக்காமல் உட்கார்ந்திருந்தால், "சும்மா இருக்கிற நேரத்துல ஒரு சேவப் போடு, கை என்ன தேஞ்சா போயிரும்?"

காரணம் இருந்தது. மலையில் காற்று எழுந்தால் எங்கள் ஊரில் கரண்டு போய்விடும். எப்போதோ ஏலக்காய் வியாபாரி ஒருவருக்காகப் பகல் முழுக்க அடித்தது ஒரே நொடியில் காற்றோடு போய்விட்டதாம். அன்றிலிருந்து அவர் எந்த ஃபைலையும் கம்ப்யூட்டருக்குள் வைப்பதில்லை. கறுப்புக் கயிற்றில் பென்டிரைவைக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். குளிக்கும்போது மட்டும் சோப்பு டப்பாவில் இருக்கும் என்று அவர் சம்சாரம் சொன்னதாகக் கேள்வி. ஒருமுறை கோயிலில் பூசாரி அதை உற்றுப் பார்த்துவிட்டு, "எந்த ஊருல மந்திரிச்ச தாயத்துண்ணே?" என்று கேட்டார். "பதினாறு ஜிபி" என்று சேவு அண்ணன் பக்தியோடு பதில் சொன்னார்.

ராசிங்காபுரத்தில் ஒரு கல்யாணத்தில் அவர் செய்த காரியம் இன்னும் பேசப்படுகிறது. மாப்பிள்ளை இரண்டு முடிச்சுப் போட்டுவிட்டார். கூட்டத்திலிருந்து எழுந்த சேவு அண்ணன் வீடியோக்காரரிடம், "தம்பி, மூணாவது முடிச்சுக்கு முன்னால ஒரு சேவப் போட்டுக்க" என்றார். அந்தப் பையன் பயந்துபோய்க் கேமராவை நிறுத்திவிட்டான். அவன் மறுபடி அதை உயிர்ப்பிக்கும்வரை மாப்பிள்ளை தாலிக்கயிற்றைப் பிடித்தபடி குனிந்தே நின்றார்.

இந்த மகானிடம்தான் என் தலையெழுத்து போய் மாட்டியது.

எனக்குக் கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றில் எம்.பி.ஏ. இடம் கிடைத்திருந்தது. ஆனால் ஒரு கொக்கி வைத்திருந்தார்கள். வகுப்பு தொடங்குவதற்கு முன் ஆன்லைனில் ஒரு கம்ப்யூட்டர் பரீட்சை. அவர்கள் தரும் விவரங்களை எக்செல்லில் போட்டு, தொகுத்து, அதைப் பவர்பாயிண்டில் விளக்கி, சொன்ன நேரத்துக்குள் அனுப்ப வேண்டும். தேறாவிட்டால் என் இடம் காத்திருப்பவர்களுக்குப் போய்விடும். அப்பா போடிமெட்டுக்கு எஸ்டேட் ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்பு ஓட்டுகிறார். ஒவ்வொரு வளைவிலும், ஏறுகிற ஒவ்வொரு ஆளிடமும், "மக எம்பியே போறா" என்று சொல்லி முடித்திருந்தார். எனக்கோ எக்செல் என்றால் கட்டம் கட்டமாக இருக்கும் என்பது வரைக்கும் தெரியும்.

சேவு அண்ணனுக்கு அதைவிட ஒரு கட்டம் கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான். எக்செல்லில் விவரங்களைத் தொகுக்கிற பிவட் டேபிள் என்றதும், "அது என்னா டேபிளு?" என்று என்னையே கேட்டார். கடைசியில் இருவரும் சேர்ந்து யூடியூபில் பார்த்தோம். அதுவும் உருப்படவில்லை. வீடியோவில் பாடம் நடத்துகிறவர் நாலைந்து வேலையைத் தொடர்ந்து செய்துவிட்டார். சேவு அண்ணன் வீடியோவை நிறுத்தினார்.

"இந்தாளு இன்னும் சேவ் பண்ணல."

"அண்ணே, அவரு எப்பவோ எடுத்த வீடியோண்ணே."

"எப்ப எடுத்தா என்ன? கரண்டு போனா யாரு பதில் சொல்றது?" அந்த வாத்தியாரை அவர் அன்றோடு ஒதுக்கிவிட்டார். சேவ் பண்ணுகிற வேறொரு வாத்தியாரைத் தேடிப் பிடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

பவர்பாயிண்ட் என்றால் அவருக்கு உயிர். ஆனால் எழுத்துகள் சும்மா வந்து நிற்கக் கூடாது. போடிமெட்டு வளைவில் ஜீப்பு வருவதுபோல ஒவ்வொன்றும் சுற்றிச் சுற்றி வர வேண்டும். 'வணக்கம்' என்ற சொல் முழுதாக வந்து சேர்வதற்குள் நான் கீழே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்.

இதற்கிடையில் என் அம்மா என்னோடு போனில் பேசும்போது அவர் குரலைக் கேட்டுவிட்டாள். "ஏண்டி, அந்த மனுசன் எந்நேரமும் சேவு சேவுங்கிறாரே, பாவம், வீட்டுல ஒண்ணும் செஞ்சு குடுக்க மாட்டாகளா?" என்று அரைக் கிலோ காராச்சேவு வாங்கிக் கொடுத்தனுப்பினாள். அதன் பிறகு வாராவாரம் போனது. அவர் ஒருநாளும் அம்மாவைத் திருத்தவில்லை.

பரீட்சை நாள் வந்தது. மலைப்பக்கம் மேகம் இறங்கிக் கிடந்தது. "கம்ப்யூட்டருல வேணாம். நேரா பென்டிரைவுலயே வேலை செய்யி" என்றார். சரி, கொடுங்கள் என்று கையை நீட்டினேன். கழுத்துக் கயிற்றைக் கழற்ற மாட்டேன் என்றுவிட்டார். பென்டிரைவை மேசைக்கு அடியில் இருந்த சிபியூவில் செருகி, கயிறு எட்டும் தூரத்தில் அங்கேயே தலையைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துகொண்டார். நான் மேலே பரீட்சை எழுதுகிறேன். கீழே முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து குரல் வருகிறது: "சேவ்... சேவ்..."

எக்செல் முடிந்தது. பிவட் டேபிளும் ஒருவழியாக வந்தது. கடைசி ஸ்லைடுக்கு வந்து, ஒரு சேவும் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். காற்று ஒரே வீச்சாக வீசியது, திரை இருண்டது. யுபிஎஸ் ஒருமுறை கீச்சென்று கத்திவிட்டு அதுவும் படுத்துவிட்டது.

நேரம் அதிகம் மிச்சமில்லை. மலைச்சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும் அப்பாவின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது. அழ ஆரம்பித்துவிட்டேன்.

"சேவ் பண்ணியா?" மேசைக்கு அடியிலிருந்து கேட்டார்.

"பண்ணுனேண்ணே."

"அப்புறம் என்னத்துக்கு அழுகுற? வெரசா வா."

எஜெக்ட் கொடுக்காமல் பென்டிரைவைப் பிடுங்குவது அவருக்குப் பஞ்சமாபாதகம். அன்று பிடுங்கினார். மாடிப்படியில் தடதடவென்று இறங்கி, காராச்சேவுக் கடைக்குள் புகுந்தார். அங்கே இன்வெர்ட்டரில் பில் போடும் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கல்லாவுக்கு முன்னால் மண்டிபோட்டுக் கழுத்தை நீட்டிச் செருகினார். என் போனிலிருந்து நெட் எடுத்தோம். ஃபைல் அப்படியே இருந்தது. கடைசி ஸ்லைடை முடித்து அனுப்பப் போனபோது ஒருவர் உள்ளே வந்தார்.

"சேவு கால் கிலோ குடுங்க."

"கொஞ்சம் பொறுங்க," என்றார் சேவு அண்ணன், கீழேயிருந்து. "சேவ் ஆகிக்கிட்டு இருக்கு."

வந்தவர் எட்டிப் பார்த்தார். "ஏண்ணே, கல்லாப்பெட்டிய இப்பிடிக் கும்பிட்டுக்கிட்டு இருக்கீக?"

'பெற்றுக்கொண்டோம்' என்று திரையில் வந்ததும்தான் சேவு அண்ணன் மூச்சு விட்டார். அப்போதும் எஜெக்ட் கொடுத்த பிறகே எழுந்தார்.

நான் தேறிவிட்டேன்.

கோயம்புத்தூருக்குப் பஸ்சு ஏறிய அன்று காலையில் அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். சேவு அண்ணனும் வந்தார். ஏதாவது புத்தி சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவரோ தலையைக் குனிந்து கயிற்றைக் கழற்றி, ஜன்னல் வழியாக என் கையில் பென்டிரைவை வைத்தார்.

"அண்ணே, இது உங்களுது."

"தெரியும்த்தா. அங்கயும் கரண்டு போகும்ல."

பஸ்சு நகர்ந்தது. கூடவே நாலெட்டு ஓடி வந்தார். "பிடுங்கிப்புடாத ஆத்தா, எஜெக்ட் குடுத்து எடு." கயிறு கிடந்து கிடந்து கழுத்தில் ஒரு கோடு மட்டும் வெளுத்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு மறுபடி அழுகை வந்துவிட்டது.

கோயம்புத்தூரில் எங்கள் ஹாஸ்டலில் கரண்டு போனதே இல்லை. எழுதுவதெல்லாம் தானாகவே சேவ் ஆகிவிடும். இந்த விஷயத்தை இன்றுவரை நான் அவரிடம் சொல்லவில்லை. போனில் கேட்டால், "அப்பப்பப் போகுதுண்ணே, உங்க பென்டிரைவுனாலதான் தப்பிச்சேன்" என்கிறேன்.