வீரன் திரும்பத் திரும்ப வந்த நாடு

வெண்கரை நாட்டுக்குப் போக ஏழு கடலும் தாண்ட வேண்டாம், பறக்கும் குதிரையும் வேண்டாம். மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்பினால் விளக்கு வைப்பதற்குள் போய்ச் சேரலாம். வழியில் யாரையும் விசாரிக்கத் தேவையில்லை. முரசுச் சத்தமும் கைதட்டலும் எந்தப் பக்கமிருந்து வருகின்றனவோ அந்தப் பக்கம் நடந்தால் போதும்.

அந்த நாட்டை இன்பவழுதி என்ற மன்னர் ஆண்டுவந்தார். கெட்டவர் இல்லை. குடிமக்கள் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய ஆசை. அதற்கென்றே களிப்புத் துறை என்று ஒன்றை ஏற்படுத்தி, தக்கவாணர் என்பவரை அதற்கு அமைச்சராக்கியிருந்தார். தலைநகரின் நடுவில் பெரிய அரங்கம் இருந்தது. பொழுது சாய்ந்ததும் ஊரே அங்கே கூடிக் கூத்துப் பார்க்கும். அப்போதெல்லாம் கூத்து நாளுக்கு ஒரு விதமாக இருந்தது. சில நாள் பிரமாதமாக இருக்கும், சில நாள் சகிக்காது. சகிக்காத நாளில் ஜனங்கள் வறுகடலையைக் கொறித்துக்கொண்டு ஊர்வம்பு பேசிவிட்டு வீடு திரும்புவார்கள். அதனால் யாருடைய குடியும் முழுகியதாகத் தெரியவில்லை.

ஒரு வருடம் ‘வீரன் திரும்பி வந்தான்’ என்று ஒரு கூத்து வந்தது. ஊரைவிட்டுப் போன வீரன் திரும்பி வருகிறான். நிலத்தையெல்லாம் வளைத்துப்போட்ட பண்ணையாரை எதிர்க்கிறான். பண்ணையாரின் அடியாட்கள் பத்துப் பேர் கொட்டும் மழையில் அவன்மேல் பாய வருகிறார்கள். ஒருவன் அடிபட்டு விழுந்து முடிக்கும்வரை அடுத்தவன் மரியாதையாகக் காத்து நிற்கிறான். நடுவில் தங்கை அழுகிறாள், வீரன் அவள் கண்ணைத் துடைக்கிறான், ஐந்து பாட்டு. உள்ளதைச் சொல்ல வேண்டும், நல்ல கூத்துதான். நானும் பார்த்துக் கைதட்டினேன்.

கைதட்டல் அரண்மனை வரைக்கும் கேட்டது. மறுநாள் அவையில் தக்கவாணர் எழுந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மாமன்னா, மக்களின் விருப்பம் ஐயத்துக்கு இடமின்றி வெளிப்பட்டுவிட்டது. அவர்களுக்குப் பிடித்தது இன்னதென்று தெரிந்த பிறகும் வேறொன்றைக் கொடுத்துப் பார்ப்பது பொறுப்புள்ள அரசுக்கு அழகா?”

மன்னருக்கு அது நியாயமாகவே பட்டது. ‘சோதிக்கப்பட்ட கதைச் சட்டம்’ என்று ஒன்று வந்தது. மக்கள் ஏற்கெனவே கைதட்டிய கதையைத் தவிர வேறெதையும் இனி அரங்கில் ஆடக் கூடாது. சோதிக்கப்படாத ஒரு வசனத்தை மேடையில் பேசினாலும் நாடு கடத்தல். அடுத்த வருடம் ‘வீரன் மறுபடியும் திரும்பி வந்தான்’ வந்தது. அதற்கடுத்த வருடம் ‘வீரனும் அவன் அண்ணனும் திரும்பி வந்தார்கள்.’

தேர்ந்தெடுக்க எதுவுமில்லையே என்று சிலர் முணுமுணுத்தார்கள். அரசு அதையும் காதில் போட்டுக்கொண்டது. வருடாவருடம் தேர்தல் வைத்து, மூன்று கூத்துகளைப் போட்டியிட விட்டார்கள். ஒன்றில் வீரனுக்குச் சிவப்புத் தலைப்பாகை, இன்னொன்றில் நீலம், மூன்றாவதில் சிவப்போடு தாடியும் உண்டு. ஜனங்கள் தெருவில் கட்டிப் புரண்டு சண்டை போட்டு வாக்களித்தார்கள். சிவப்புக்காரர் வீட்டில் நீலக்காரர் பெண் எடுப்பதுகூட நின்றுபோயிற்று.

எந்தத் தலைப்பாகை ஜெயித்தாலும் அதைக் கட்டிக்கொண்டு ஆடியவன் ஒருவன்தான். வேம்பன் என்று பெயர். நல்ல குரல், நல்ல உயரம், வஞ்சனை தெரியாத மனுஷன். அவன் மனைவி கொன்றை. இருவருக்கும் மூன்று வயதில் மின்னி என்று ஒரு பெண் குழந்தை இருந்தது. சாயங்காலம் அரங்கத்துக்குப் போகிற வேம்பன் வீடு திரும்பும்போது குழந்தை தூங்கியிருக்கும். காலையில் அவன் எழுந்திருப்பதற்குள் அவள் பக்கத்து வீட்டுக் கோழிகளைத் துரத்தப் போயிருப்பாள்.

இதற்கிடையில் தக்கவாணர் சும்மா இருக்கவில்லை. எங்கே கைதட்டுவது என்று யோசித்து மக்கள் சிரமப்படக் கூடாதென்று அதற்கு ஒரு முரசு வைத்தார். முரசு ஒரு தட்டுத் தட்டினால் கைதட்ட வேண்டும், இரண்டு தட்டினால் அழ வேண்டும். நாளாவட்டத்தில் ஜனங்களுக்கு வீட்டிலும் கூத்தின் வசனம்தான் வாயில் வந்தது. மாப்பிள்ளை பெண்ணிடம் அதைப் பேசினான், கடன்காரன் கடன்பட்டவனிடம் அதைப் பேசினான். புதிதாக ஒன்றைச் சொல்ல வாயெடுத்தவர்கள் பாதியில் கூச்சப்பட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

வெண்கரை நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. சாவு நடந்த வீட்டுக்குக் கூத்தாடிகள் போவார்கள். இறந்தவர் எப்படி இருமுவார், எதற்குக் கோபித்துக்கொள்வார், யாருக்குத் தெரியாமல் வெல்லம் எடுத்துத் தின்பார் என்றெல்லாம் வீட்டாரைக் கேட்டு, அந்த வீட்டுக்கென்றே ஒரு கூத்துக் கட்டுவார்கள். அதை அந்த வீட்டு முற்றத்தில் ஒரு தடவைதான் ஆடுவார்கள். பிறகு எங்கேயும் ஆட மாட்டார்கள். அழுதுகொண்டிருந்தவர்கள் நடுவில் தங்களை அறியாமல் சிரித்துவிடுவார்கள். சிரித்ததும் மறுபடி அழுகை வரும், ஆனால் அது வேறு அழுகை. அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் அடுப்பு மூட்டுவார்கள்.

இந்த வழக்கம் அமைச்சரின் கண்ணில் பட்டது. ஒரே தடவை ஆடுகிற கதையை யார் சோதித்தது என்று கேட்டார். துக்கத்தில் இருக்கும் குடிமக்களுக்குத் தரமற்ற கதை கொடுப்பது இரக்கமற்ற செயல் என்று அவையில் உருக்கமாகப் பேசினார். அன்றிலிருந்து சாவு வீடுகளிலும் வீரன் திரும்பி வந்தான்.

அந்த வருடம் மழைக்காலத்தில் மின்னிக்குக் காய்ச்சல் கண்டது. வைத்தியர் வந்தார், மருந்து கொடுத்தார், குழந்தை பிழைக்கவில்லை.

சட்டப்படி வேம்பன் வீட்டு முற்றத்திலும் கூத்து நடந்தது. வீரனாக ஆடுவதற்கு நாட்டில் அவனைவிட்டால் வேறு ஆள் இல்லை. தன் குழந்தையின் துக்கத்துக்குத் தானே சிவப்புத் தலைப்பாகை கட்டிக்கொண்டு, பத்து அடியாட்களையும் ஒவ்வொருவராக அடித்து வீழ்த்தினான். அடிபட்டவர்கள் விழும்போது மெதுவாக விழுந்தார்கள், பாவம், அவர்களுக்கும் மனசு கேட்கவில்லை. முரசு இரண்டு தட்டுத் தட்டியது. வந்திருந்தவர்கள் அழுதார்கள். கொன்றை மட்டும் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

வேம்பன் பின்னாலேயே போனான். ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தான். “கலங்காதே, இந்தக் கரங்கள் இருக்கும்வரை உன் கண்ணில் நீர் வரலாகாது” என்று வந்தது.

கொன்றை அவனை நிமிர்ந்து பார்த்தாள். “அது வீரன் தங்கச்சிகிட்ட சொல்றதுங்க” என்றாள்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் வேம்பனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாலைந்து நாள் கழித்து அவளே அவன் எதிரில் வந்து உட்கார்ந்தாள். ஆற்றில் வெள்ளம் வடிந்ததும் அக்கரையில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைப்பதாகச் சொன்னாள். போனால் திரும்பி வருகிற உத்தேசம் இல்லை என்பது அவள் குரலிலேயே தெரிந்தது.

“இந்த வீட்டுல நம்ம பிள்ளை இருந்துச்சுன்னு சொல்றதுக்கு என்னைத் தவிர யாரும் இல்லாத மாதிரி இருக்கு. நீங்க அவளைப் பத்தி ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க. கூத்துல இல்லாததா ஒண்ணு. அப்ப நான் இருந்துக்கிறேன்.”

வேம்பன் முயற்சி செய்யாமல் இல்லை. குளிக்கும்போது யோசித்தான், தலைப்பாகை சுற்றும்போது யோசித்தான். அவனுக்கு மின்னி நினைவுக்கு வந்தாள், ஆனால் தூங்குகிற மின்னிதான் வந்தாள். விழித்திருந்த மின்னியை எண்ணிப் பார்த்தால் வாயில் வசனம் வந்து நின்றது. நாட்டிலேயே அதிகம் பேசுகிற வாய் அவனுடையது. சொந்த மனைவிக்குச் சொல்ல அதில் ஒரு வார்த்தை இல்லாமல் போயிற்று. வெள்ளம் வடிந்தது. மறுநாள் காலை ஓடம் விடுவார்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அன்று சாயங்காலம் அவன் அரங்கத்துக்குக் கிளம்புமுன் கொன்றை ஆப்பம் வார்த்து வைத்தாள். வட்டமாக, ஓரம் முறுகலாக, நடுவில் பஞ்சுபோல உப்பி, முழு ஆப்பம். வேம்பன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வீட்டில் ஆப்பம் என்றால், இரவு அவன் திரும்பி வரும்போது தட்டில் ஓரம் போய் நடுப்பகுதி மட்டும் ஒரு துண்டாகக் கிடக்கும்.

“ஏன் முழுசா இருக்கு?” என்று கேட்டான்.

“பிய்க்கிறதுக்கு யாரு இருக்கா?” என்று சொல்லிவிட்டு அவள் துணிகளை மூட்டை கட்டப் போனாள்.

அவன் ஆப்பத்தைத் தொடவில்லை. எழுந்து அரங்கத்துக்கு நடந்தான்.

அன்றைக்கு மன்னரும் வந்திருந்தார். சட்டப்படி எல்லாரும் வர வேண்டுமென்பதால் கொன்றையும் பின்வரிசையில் இருந்தாள். வழக்கம்போல மழை பெய்தது, அதாவது மேலிருந்து இரண்டு பேர் குடத்தால் ஊற்றினார்கள். அடியாட்கள் வரிசையில் நின்றார்கள். ஐந்து பேரை அடித்து முடித்த வேம்பன், ஆறாவது ஆள் முன்னால் வந்தபோது ஓங்கிய கையை அப்படியே இறக்கிவிட்டான்.

“என் பொண்ணு ஆப்பத்துல ஓரத்தை மட்டும் தின்னுட்டு, மெத்துனு இருக்கிற நடுவை எனக்கு வெச்சுட்டுத் தூங்கிருவா” என்றான். “அவ விரலு நாலும் அதுல பதிஞ்சிருக்கும். பிஞ்ச ஆப்பத்தை எதுக்கு எனக்கு வைக்கிறேன்னு அவ அம்மாவைத் திட்டியிருக்கேன். திட்டிக்கிட்டே அதைத் தின்னிருக்கேன். அது அவ எனக்குன்னு வெச்சதுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது.”

முரசுக்காரர் ஒரு தட்டா இரண்டு தட்டா என்று புரியாமல் கோலைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். ஆறாவது அடியாள் கம்பைக் கீழே போட்டுவிட்டு மேடையிலேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். அப்புறம் சபையில் ஒருத்தி தன் தம்பியைப் பற்றிப் பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். நீலத் தலைப்பாகைக்காரர் ஒருவர் தன் அப்பாவின் மூக்குப்பொடி டப்பாவைப் பற்றிச் சிவப்புக்காரரிடம் சொன்னார். இத்தனை வருடத்தில் அந்த அரங்கத்தில் அப்படி ஒரு பேச்சு எழுந்ததில்லை. மன்னர் சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நாடு கடத்தலுக்குத் தயாராகத்தான் வேம்பன் நின்றிருந்தான். கொன்றை கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கு வந்து, நனைந்த அவன் கையைப் பிடித்தாள். “வாங்க, வீட்டுக்குப் போலாம்” என்றாள். மறுநாள் ஓடம் அவள் இல்லாமலே போயிற்று.

அதே காலையில் பொன்னாடையும் ஆட்களுமாகத் தக்கவாணர் வீடு தேடி வந்தார். தண்டனை சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று இருவரும் எழுந்து நின்றார்கள்.

“அஞ்ச வேண்டாம். மன்னரே கண்ணீர் சிந்தியிருக்கிறார். தங்கள் துயரம் சோதனையில் தேறிவிட்டது” என்றார் அமைச்சர்.

ஒரு மாதத்தில் ‘வீரனின் ஆப்பம்’ அரங்கேறியது. அடுத்த தேர்தலில் மூன்று கூத்துகள் போட்டியிட்டன. ஒன்றில் குழந்தை ஆப்பத்தை வைத்துவிட்டுத் தூங்கியது, இன்னொன்றில் இடியாப்பத்தை, மூன்றாவதில் குழிப்பணியாரத்தை. எல்லாவற்றிலும் வீரன் ஆறாவது அடியாளோடு நிறுத்திக்கொண்டு அழுதான், முரசு இரண்டு தட்டுத் தட்டியது. கடைத்தெருவில் நாலு விரல் பதித்த ஆப்பம் அச்சில் வார்த்து விற்றார்கள். குழந்தைகள் பசித்தாலும் நடுவைத் தின்னக் கூடாது, அப்பாவுக்கு வைக்க வேண்டும் என்று ஓர் ஆணை வந்தது. ஆப்பம் வார்க்க வசதியில்லாத வீடுகளில், வேறு எதைத் தின்றாலும் குற்றமாகிவிடுமோ என்று பயந்துகொண்டு பட்டினி கிடந்தார்கள்.

கொன்றை ஆப்பச்சட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டாள்.

“ஊர்ல எல்லாப் பிள்ளையும் அதையே செய்யுது. நம்ம மின்னி செஞ்சதுன்னு எனக்கே இப்பத் தோண மாட்டேங்குது” என்று ஒரு நாள் வேம்பனிடம் சொன்னாள். அவள் அழவில்லை. எனக்கு அதைக் கேட்டபோது தாங்க முடியவில்லை.

அடுத்த வருடம் தக்கவாணர் மறுபடி வந்தார். இரண்டாம் பாகத்துக்குக் கதை வேண்டியிருந்தது. பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குழந்தை வேறு என்னென்ன செய்தது என்று கனிவாகவே விசாரித்தார். சபையை ஒரு தடவை அழவைத்த குழந்தை இன்னொரு தடவையும் அழவைக்காமலா போகும் என்றார்.

வேம்பன் கொன்றையைப் பார்த்தான். இந்த ஒரு வருடத்தில் அவர்கள் தினமும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். அவனுக்கு இப்போது விழித்திருந்த மின்னியும் தெரியும்.

“வேற ஒண்ணும் செய்யலைங்க” என்றாள் கொன்றை. “சின்னப் பிள்ளைதானே.”

அமைச்சருக்கு ஏமாற்றம். பரவாயில்லை, துறையே எதையாவது பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர் பல்லக்கு தெருமுனை திரும்பும்வரை இருவரும் வாசலில் நின்றார்கள். பிறகு கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். கொன்றை மின்னியைப் பற்றி ஒன்று சொன்னாள். வேம்பன் சிரித்தான், சிரித்து முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது. பதிலுக்கு அவன் ஒன்று சொன்னான். அது கொன்றைக்கே தெரியாதது. அவள் அவன் தோளில் சாய்ந்துகொண்டு, இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும். எழுதினால் உங்களுக்கும் மிகவும் பிடிக்கும். கைதட்டுவீர்கள். அதனால்தான் எழுதவில்லை.